தனலட்சுமியின் காலிக் கட்டம்

பிரபு,

நீ அடுத்த அறையில் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாய். பத்தடி தூரம்கூட இல்லை. எழுந்து வந்து வாயால் சொல்லிவிடலாம். ஆனால் என்னைத்தான் உனக்குத் தெரியுமே. பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் ஏறிவிடும், மூன்றாவதில் உன்மேல் பாய்ந்துவிடுவேன், நீ "சரிம்மா, விடு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாய். தப்பு என் பக்கம் இருந்தால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வரும் என்று உன் அப்பா சொல்வார். அந்த மனுஷர் சொல்வதில் அது ஒன்று சரி. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. நடுவில் எழுந்து வந்து கத்தாதே, முழுசாகப் படித்துவிட்டுக் கத்து.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். திங்கட்கிழமை நீ அந்தத் துணி தைக்கிற கம்பெனியின் அத்திபெலே யூனிட்டில் பிசியோவாக வேலைக்குச் சேரப்போகிறாய். எந்த ஆய்வைப் பார்த்து அந்த வேலையை உனக்குக் கொடுத்தார்களோ, அந்த ஆய்வின் முடிவு தப்பு. தப்பு உன்னுடையது இல்லை. கணக்குப் போட்டவள் நான். தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன், வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்திருப்பேன். தெரிந்தே செய்தேன். அந்த முடிவை வைத்துக்கொண்டு அதே கம்பெனியின் பொம்மனஹள்ளி ஃபேக்டரியில் தோள்வலிக்காரப் பெண்களை இப்போது என்ன பாடு படுத்துகிறார்கள் என்பது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமாக உனக்குத் தோசை வார்த்துப் போட்டேன், பெட்டிக்குப் பூட்டு வாங்கி வந்தேன், அத்திபெலேயில் ரூம் எப்படி, தண்ணி வருமா என்று விசாரித்தேன். இதை மட்டும் சொல்லவில்லை.

காலேஜில் ஸ்டாடிஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்ததில் என் பாதி ஆயுசு போயிற்று. மீதிப் பாதி நம் வீட்டு முன்னறையில் போயிற்று. எம்.டி. படிக்கிற பிள்ளைகள், நர்ஸிங் பிள்ளைகள், பல் டாக்டர்கள், எல்லோரும் தீசிஸுக்காக எக்ஸெல் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருவார்கள். நீ ஹாலில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டே அவர்களைப் பார்த்து வளர்ந்தவன். ஒருத்தராவது "மேடம், இந்த நம்பர் என்ன சொல்லுது?" என்று கேட்டு நீ கேட்டதுண்டா? "பி வேல்யூ பந்த்தா மேடம்?" அவ்வளவுதான். முடிவு தற்செயல் இல்லை என்று காட்டுகிற அளவுக்கு அந்த எண் சின்னதாக வந்ததா, வரவில்லையா. பிரசவ வார்டு வாசலில் நிற்கிற புருஷன்மார் மாதிரி நிற்பார்கள். "வந்துருச்சுப்பா" என்று நான் சொன்னவுடன் அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே! காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. நான் அதற்குப் பழகிவிட்டேன். வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று ஒன்று சொல்லிக்கொடுத்தேன், முன்னறையில் உட்கார்ந்து வேறொன்று செய்தேன். என்னிடம் அப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு போனவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்தாலும் படிக்கட்டும். உனக்குச் சொல்வது அவர்களுக்கும்தான்.

உன் ஆய்வு நல்ல ஆய்வுடா. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. காலர் வைத்துத் தைக்கிற பெண்களுக்குத் தோளும் கழுத்தும் வலித்தே தீரும், வேலைக்கு நடுவில் பத்து நிமிஷம் கையைக் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தால் அது குறையுமா என்று பார்க்கக் கிளம்பினாய். பயிற்சிக்கு முன்னால் ஒரு தடவை, பிறகு மாசத்துக்கு ஒரு தடவை என்று மூன்று மாசம், ஆக நாலு தடவை, அதே பெண்களிடம் போய் "பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும், வலி எவ்வளவும்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தாய். ஒவ்வொருத்தி கையையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாய். வெயிலில் அலைந்து கறுத்துப்போய் வந்து நிற்பாய். "கவர்மென்ட் வேலைக்காரன் பையன் மாதிரியா இருக்கான், கட்டட மேஸ்திரி மாதிரி இருக்கான்" என்று உன் அப்பா கிண்டல் செய்வார்.

நீ அப்போது என்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "ஒருத்தி எட்டுன்றா, சும்மா தைச்சிக்கிட்டே இருக்கா. இன்னொருத்தி நாலுன்னு சொல்லி அழுறா. ரெண்டையும் எப்படிம்மா ஒண்ணா வச்சுக் கணக்குப் போடுறது?" இந்தக் கேள்வியை எம்.டி. பிள்ளைகளில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அதற்காகத்தான் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா என்ற கணக்கை உன்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தியை இன்னொருத்தியோடு ஒப்பிடாதே. அவளை அவளோடு ஒப்பிடு. ஆளுக்கு ஆள் பிறவியிலேயே இருக்கிற வித்தியாசத்தை முதலில் தனியாகப் பிரித்து ஓரமாக வைத்துவிடு. மிச்சம் இருப்பதில், காலம் போகப் போக எல்லோரிடமும் சேர்ந்து வந்த மாற்றம் எவ்வளவு, காரணமில்லாமல் ஆளாளுக்கு ஏறி இறங்குகிற ஆட்டம் எவ்வளவு என்று பார். மாற்றம் அந்த ஆட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் எஃப். அது பெரிதாக இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். என்ன நடந்தது, எப்போது நடந்தது, எதனால் நடந்தது என்று அது சொல்லாது. இதையெல்லாம் சொன்னபோது நீ தலையாட்டிக் கேட்டாய். அன்றைக்கு நான் நல்ல வாத்தியார்.

சொல்லிக்கொடுத்ததை வீட்டில் நான் என்றைக்குக் கடைப்பிடித்தேன் என்று நீ கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவரவரை அவரவரோடு ஒப்பிடு என்று பாடம். என் பிள்ளைக்கு மட்டும் எதிர்வீட்டு ஷாலினி. பத்தாம் வகுப்பில் கணக்கில் நீ அரையாண்டுப் பரீட்சையைவிட இருபது மார்க் கூட வாங்கிக்கொண்டு ஓடி வந்தாய். வாசலிலேயே நிறுத்தி, "ஷாலினி எவ்வளவு?" என்று கேட்டேன். உன் முகம் சுருங்கியது இப்போதும் என் கண் முன்னால் நிற்கிறது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. டிகிரி வாங்கிய முட்டாள் நான். அந்தப் பெண் ஷாலினி இப்போதும் தெருவில் பார்த்தால் "ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா?" என்று சிரிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், அவள் பெயரைச் சொல்லி இந்த வீட்டில் ஒரு பிள்ளை எத்தனை திட்டு வாங்கினான் என்று?

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். டைபாய்டு வந்து உனக்கு ஏற்கெனவே ஒரு வருஷம் வீணாகியிருந்தது. கைடு இரண்டு தடவை தீசிஸைத் திருப்பி அனுப்பியிருந்தார். மறுநாள் கொடுக்காவிட்டால் இன்னும் ஆறு மாசம் காத்திருக்க வேண்டும் என்ற நிலைமை. நீ கண்ணெல்லாம் உள்ளே போய் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். கணக்கை ஓட்டினோம். இந்தக் கணக்கு ஒன்றை நம்பிக்கொண்டுதான் வேலை செய்யும். எந்த இரண்டு தடவைகளை எடுத்துக் கழித்துப் பார்த்தாலும், பெண்களிடையே அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் சிதறியிருக்க வேண்டும் என்று நம்பும். உன் டேட்டாவில் அது பொய்த்திருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் நீயே கண்டுபிடித்து, "அம்மா, அப்ப திருத்தம் போட்ட வரியைத்தானே எடுக்கணும்?" என்றாய். எனக்கு அப்படியே பூரித்துப்போயிற்று. திருத்தம் போட்ட பிறகும் பி சின்னதாகவே நின்றது. ஜோடி ஜோடியாகப் பிரித்துப் பார்த்தோம், ஆரம்பத்துக்கும் கடைசி மாசத்துக்கும் நடுவில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. நான் "வந்துருச்சுடா!" என்று கத்தியேவிட்டேன். சமையலறையிலிருந்து அப்பா கரண்டியோடு ஓடி வந்தார்.

நீ சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு கேட்டாய்.

"அம்மா, ஆளுங்க கம்மியா காட்டுதே. நான் எழுதுனது இவ்ளோ இல்லையே. மீதிப் பேரு எங்க?"

எங்கே என்று எனக்குத் தெரியும், பிரபு. இந்தக் கணக்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு ஆளுக்கு நாலு அளவில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், மீதி மூன்றையும் சேர்த்து அந்த ஆளையே தூக்கி வெளியே போட்டுவிடும். சத்தமே இல்லாமல் போட்டுவிடும். கடைசியில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று ஓர் ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கும், அவ்வளவுதான். உன்னிடம் மூன்றில் ஒருத்தி போல அப்படிப் போயிருந்தாள். கரும்பலகை முன்னால் நின்று எத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன்! யார் வரவில்லை, ஏன் வரவில்லை, அதைக் கேட்காமல் எஃப் பக்கமே போகாதீர்கள் என்று. சளி பிடித்து ஒருத்தி வராமல் போனால் அது வேறு. வலி தாங்காமல் வராமல் போனவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு வலி குறைந்தது என்று சொன்னால், அதற்குப் பெயர் ஆய்வா?

உன்னிடம் நான் என்ன சொன்னேன்? "அது அப்படித்தான்டா காட்டும். நீ பி-யைப் பாரு. போ, போய் டைப் பண்ணு."

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். "சரிம்மா" என்றாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் நீ விட்டிருக்க மாட்டாய். அம்மா சொன்னாள், அதுவும் முப்பது வருஷமாக இதையே தொழிலாகச் செய்கிற அம்மா சொன்னாள், அதனால் விட்டாய். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த மூன்று வாரமாக என்னையே குடைந்துகொண்டிருக்கிறேன். பிள்ளைக்கு இன்னும் ஆறு மாசம் போய்விடுமே என்ற பயம் ஒன்று. எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற வேறு கணக்குப் போட்டால் பி போய்விடும் என்று உள்ளுக்குள் தெரிந்தது இன்னொன்று. இதற்கெல்லாம் மேலே, வந்துருச்சு என்று கத்தியாகிவிட்டது, இனி இல்லை என்று சொல்ல என் வீம்பு விடவில்லை. காலிக் கட்டங்கள் யாருடையவை என்று ஷீட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டிவரும் என்றுதான் பார்க்கவில்லை. தீசிஸில் எல்லாப் பெண்களுக்கும் என்று எழுதினாய். கைடு அதை ஒரு பக்கமாகச் சுருக்கி ஃபேக்டரிக்கு அனுப்பினார். அவர்கள் மகிழ்ந்துபோய் தங்கள் அத்திபெலே யூனிட்டிலேயே உனக்கு வேலை தருகிறோம் என்றுவிட்டார்கள். நான் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். எந்த முகத்தோடு உடைத்தேனோ!

மூன்று வாரத்துக்கு முன்னால் சிக்னல் பக்கத்துக் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், நாற்பது வயசு இருக்கும், "அக்கா, இந்தப் பையைக் கொஞ்சம் தூக்கி இந்தத் தோள்ல மாட்டி விடுறீங்களா?" என்று கேட்டாள். இடது தோளைக் காட்டினாள். மாட்டிவிட்டேன். என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க பிசியோ சாரோட அம்மாதானே? அன்னைக்கு ஃபேக்டரிக்கு டிபன் கொண்டாந்தீங்களே?"

நீ மறந்துவிட்டுப் போன டப்பாவை ஒரு நாள் கொண்டுவந்து கொடுத்தேனே, அன்றைக்குப் பார்த்திருக்கிறாள். பெயர் தனலட்சுமி என்றாள். காலர் பேட்ச். உன்னைப் பற்றி ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"சார் நல்லா இருக்காராக்கா? தங்கமான புள்ள. இத்தினி வருசத்துல ஒருத்தர் வந்து கையப் புடிச்சுப் பாத்து, வலி எவ்ளோம்மான்னு கேட்டதே இல்ல. ஆரம்பத்துல நான் அஞ்சுன்னு சொன்னேன். அடுத்த மாசம் ஆறு. அதுக்கடுத்த மாசம் கையத் தூக்கவே முடியல, லீவு போட்டுட்டேன். கடைசியா கேக்க வந்தப்பவும் நான் லீவுதான். ஆனா அவரு அவ்ளோ மெனக்கெட்டு எழுதிக்கிறாரு, நாம சொல்லாம விட்டா எப்படின்னு ஆட்டோ புடிச்சு வந்து எட்டுன்னு சொல்லிட்டுப் போனேன்."

அன்றைக்கு நான் திறந்து பார்க்காமல் விட்ட காலிக் கட்டங்களில் ஒன்று இவளுடையது என்று புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன், இப்போது எப்படிம்மா இருக்கிறது என்று.

"எங்கக்கா! முன்னாடியாச்சும் வலின்னு சொன்னா நூல் வெட்டுற டேபிளுக்கு மாத்தி விடுவாங்க. ரெண்டு வாரம் ஒக்காந்து வெட்டுனா கொஞ்சம் ஆறும். இப்ப அதை நிறுத்திட்டாங்க. எச்சார் மேடம் கிட்ட போனா, 'எக்ஸர்சைஸ் மாடி, சரி ஹோகுத்தே', பயிற்சி செய்யி, சரியாப் போயிரும்ன்றாங்க. எல்லாருக்கும் சரியாப் போச்சுன்னு பேப்பர்லயே வந்திருக்காம். ஒனக்கு மட்டும் வலின்னா நீ ஒழுங்கா செய்யலன்றாங்க. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கேக்கறான், மானம் போவுது. எவன் எழுதுன பேப்பரோ, அவன் கை வெளங்குமா?"

அவளுக்குத் தெரியாது, பிரபு. அந்தப் பேப்பரும் அவள் ஆட்டோ பிடித்து வந்து எண் சொன்ன உன் ஆய்வும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அவள் வாயால் உனக்கு அப்படி ஒரு வார்த்தை. அது உன் மேல் விழ வேண்டிய வார்த்தை இல்லை, என் மேல் விழ வேண்டியது. நான் தக்காளிக்குக் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் நீ கைடைப் பார்க்கப் போனதும் உன் ஷீட்டைத் திறந்தேன். அவள் வரிசையைக் கண்டுபிடித்தேன். ஐந்து, ஆறு, காலி, எட்டு. அந்த ஒரு காலிக் கட்டத்துக்காக அவள் ஐந்தும் போயிற்று, ஆறும் போயிற்று, ஆட்டோவில் கொண்டுவந்த எட்டும் போயிற்று. காலி இருந்த மற்ற வரிசைகளையும் பார்த்தேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் ஏறிக்கொண்டே போகிற எண்கள். ஒரு மாசம் வராதவளைத் தூக்கி எறியாமல், அவள் கொடுத்த வரைக்கும் வைத்துக்கொள்கிற மிக்ஸ்டு மாடல் இருக்கிறதே, அதைப் போட்டேன். அன்றைக்கே போட்டிருக்க வேண்டியது. எல்லோரையும் சேர்த்தால் வலி குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. அதுகூட முழு உண்மை இல்லை என்பதையும் தெரிந்துகொள். வலி தாங்காமல் வராமல் போனவள் வந்திருந்தால் என்ன எண் சொல்லியிருப்பாள் என்று எந்த மாடலுக்கும் தெரியாது. அவள் வராமல் போனதே ஒரு பதில். அதை எழுத்தில் எழுத வேண்டும், இத்தனை பேர், இந்தக் காரணத்தால் வரவில்லை என்று.

உன் பயிற்சி குப்பை என்று நான் சொல்லவில்லை. நாலு தடவையும் வந்தவர்கள், லேசான வலியோடு ஆரம்பித்தவர்கள், அவர்களுக்கு நல்லது நடந்திருக்கலாம். அதைக்கூட அடித்துச் சொல்ல முடியாது, பயிற்சி செய்யாத இன்னொரு பேட்ச்சைப் பக்கத்தில் வைத்து நீ அளக்கவில்லை. அந்த மாசங்களில் ஆர்டர் குறைந்து டார்கெட் இறங்கியதாலும் வலி குறைந்திருக்கலாம். பி சின்னதாக வந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசாதே. யாருக்கு நடந்தது, யார் விட்டுப்போனார்கள் என்று கேட்ட பிறகு பேசு. இதெல்லாம் உனக்கே தெரியும். தெரிந்துதான் அன்றைக்குக் கேட்டாய். உன் வாயை அடைத்தவள் நான்.

இத்தனையும் தெரிந்த பிறகு உடனே சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லையே! அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வந்த நாள் நீ என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாய், அன்றைக்கு எப்படிச் சொல்வது என்று விட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, நல்ல நாள் என்று விட்டேன். உன் அப்பாவிடமும் மூச்சு விடவில்லை. ஒரு நாள் நேராக ஃபேக்டரி கேட் வரைக்கும் போனேன், எச்சார் பெண்ணைப் பார்த்து நான்தான் தப்பாகப் போட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று. வாட்ச்மேன் "யாரைப் பாக்கணும்மா?" என்று கேட்டான். திரும்பி வந்துவிட்டேன். பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்னொன்றும் தோன்றிற்று. உன் தீசிஸ் விஷயத்தில் உன்னைக் கேட்காமல் ஒரு தடவை நானாக முடிவு பண்ணினேன். இரண்டாம் தடவையும் அதையே செய்ய எனக்கு உரிமை கிடையாது.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். கைடிடம் போ. புதுக் கணக்கை எல்லாம் எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன், அதைக் காட்டு. அவர் குதிப்பார். குதிக்கட்டும். என்னைக் கூட்டிக்கொண்டு போ, போட்டது நான், மறைத்தது நான், பையன் கேட்டான், நான் அடக்கினேன் என்று அவர் முன்னால் சொல்கிறேன். பிறகு ஃபேக்டரிக்குப் போய், வலி சரியாகாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நூல் வெட்டுகிற டேபிளுக்கு மாற்றுவதை நிறுத்தாதீர்கள் என்று எழுதிக் கொடு. வேலை போகலாம். போகாமலும் இருக்கலாம், ஆனால் போகாது என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன். உனக்கு என்மேல் கோபம் வரும், வர வேண்டும். ஒரு வருஷம் பேசாமல் இருந்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். கேட்டாலும் கேட்பேன், என் வாய் அப்படி. அப்போதும் நீ பேசாதே.

இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நேற்று நடந்தது. நீ ரூம் பார்க்க அத்திபெலேக்குப் போயிருந்தாய். தனலட்சுமி வீடு விசாரித்துக்கொண்டு வந்தாள். புது வேலை கிடைத்திருக்கிறதாமே, சார் ஒரு வார்த்தை எச்சார் மேடத்திடம் சொன்னால் இரண்டு வாரம் டேபிள் மாற்றிக் கொடுப்பார்கள், சொல்லச் சொல்லுங்கக்கா என்று கேட்க வந்தாள். காபி கொடுத்தேன். இடது கையால் வாங்கினாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எஃப், பி ஒன்றும் சொல்லவில்லை. "நீ ஒரு மாசம் வரலைன்னு, நீ சொன்ன எல்லாத்தையும் கணக்குல இருந்து எடுத்தாச்சும்மா. எடுத்தது நான். அந்தப் பேப்பர் என் பையன் பேர்ல வந்தது, தப்பு என்னுது" என்றேன்.

காபி டம்ளரைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"இதைச் சொன்னா சாருக்கு வேலை போயிருமாக்கா?"

"போகலாம்."

"அப்ப சொல்லாதீங்கக்கா. சின்னப் புள்ள, இப்பத்தான் ஒரு வேலைன்னு கெடச்சிருக்கு. எங்களுக்கென்ன, வலி பழகிப்போச்சு. நான் எப்படியோ பாத்துக்கறேன். யாராண்டையும் சொல்ல மாட்டேன்."

அவள் அப்படிச் சொன்னபோது எனக்குள் என்ன நடந்தது தெரியுமா? வெட்கப்பட்டேன், அழுதேன் என்றெல்லாம் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அதெல்லாம் அவள் போன பிறகு. முதலில் வந்தது சந்தோஷம், பிரபு. அவளே வேண்டாம் என்றுவிட்டாள், என் பிள்ளை பிழைத்தான், நானும் பிழைத்தேன் என்று நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டேன். நிம்மதியான மூச்சு. அவள் அதைக் கவனித்தாள். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தாள்.

நான் விட்ட அந்த மூச்சை நீயும் விடுகிறவனாக ஆகிவிடக் கூடாது. எழுதி முடித்துவிட்டேன், கதவைத் தட்டப்போகிறேன்.

அம்மா